கோ-கார்ட்டுக்கு வில்பட்டை தேடுவோருக்கு

'வில் வண்டி' என்ற சொல்லைக் கேளாத தமிழர் இலர். மாட்டு வண்டிகளில் பார வண்டிக்கு வில் கிடையாது. மூட்டையின் பாரம் நேரே அச்சின் மேல் அமர்ந்திருக்கும். ஆள் ஏறிப் போகும் வண்டிக்கு மட்டும், அச்சுக்கும் கூண்டுக்கும் இடையே எஃகுப் பட்டைகளை வில்போல வளைத்து அடுக்கி வைத்தார்கள். அந்த வில்லே வண்டிக்குப் பெயரும் தந்தது. 1893ல் திருவிதாங்கூரில், பொதுச் சாலையில் செல்லும் உரிமை தம் மக்களுக்கும் உண்டு என்று நிலைநாட்ட அய்யன்காளி ஏறிச் சென்றதும் ஒரு வில் வண்டிதான். பின்னர் ரயில் பெட்டி, மோட்டார், லாரி என்று அந்த வில் எங்கும் பரவியது. ஊர்ப் பட்டறையில் அதை ஸ்பிரிங் பட்டை என்பார்கள். இங்கே தில்லியில் 'கமானி' என்று கேட்டால்தான் கடைக்காரருக்குப் புரியும். இக்கட்டுரையில் வில்பட்டை என்றே வழங்குவோம்.

விடுதித் தோழர்கள் சிலர் ஒன்றுகூடிப் பழைய ஸ்கூட்டர் எஞ்சினையும் இரும்புக் குழாய்களையும் கொண்டு சிறு கோ-கார்ட் கட்டுவது இன்று பல வளாகங்களில் காணும் காட்சி. எஞ்சினுக்கும் சக்கரத்துக்கும் பணம் செலவாகிவிடும். கடைசியில் மிஞ்சுவது வில்லுக்கான சில நூறு ரூபாய். உடனே காயலான் கடைக்கு ஓடுவார்கள். 'கனமானதே உறுதியானது' என்று எண்ணி, கண்ணில் பட்ட லாரிப் பட்டையைச் சுமந்து வருவார்கள். அந்த எண்ணம் சரிதானா? பி.எஸ்ஸி. வகுப்பில் நாம் எழுதிய பௌதிக ரெக்கார்டு நோட்டே இதற்கு விடை சொல்லும். அதை எடுத்துப் பார்ப்பதே இக்கட்டுரையின் நோக்கம்.

கார்ட்டுக்கு வில் வேண்டுமா?

ஆர்ட் இங்கெல்ஸ் என்பவர் 1956ல் அமெரிக்காவின் லாஸ் ஏஞ்சலீஸ் பகுதியில் முதல் கோ-கார்ட்டைக் கட்டினார். புல்வெட்டும் யந்திரத்துக்கான எஞ்சின் ஒன்றை அதில் பொருத்தினார். அன்று முதல் இன்றுவரை பந்தயக் கார்ட்டுகளுக்கு வில் கிடையாது. சட்டத்தின் குழாய்கள் சற்றே வளைந்து கொடுப்பதே அவற்றுக்குப் போதும். ஏனெனில் அவை ஓடும் தளம் மேசைபோல் சமமானது.

நம் வளாகச் சாலை அப்படியா? பெயர்ந்த தார், குழி, பத்தடிக்கொரு வேகத்தடை. வில்லில்லாத வண்டியில் ஒரு சக்கரம் மேட்டில் ஏறினால் மற்றொன்று தரையை விட்டு எழும்பிவிடும். தரையைத் தொடாத சக்கரத்துக்குப் பிரேக்கும் இல்லை, திருப்பமும் இல்லை. ஆகவே வில் என்பது முதுகின் சொகுசுக்காக மட்டுமன்று. நான்கு சக்கரமும் தரையைப் பற்றி நிற்பதற்காகவும் ஆகும்.

சுருள்வில்லை விட்டு வில்பட்டையை நாடுவது ஏன்? சுருள்வில் பாரத்தை மட்டுமே தாங்கும். அச்சு முன்னும் பின்னும் நகராமல் பிடித்து நிற்கத் தனிக் கைகள் வேண்டும். அவற்றைச் சரியாகச் செய்வது எளிதன்று. வில்பட்டையோ பாரத்தையும் தாங்கும், அச்சையும் பிடித்து நிற்கும். ஏழை மாணவனுக்கு இதைவிட ஏற்ற உறுப்பு வேறில்லை. ஆனால் இதே குணத்தில்தான் ஆபத்தும் உள்ளது. பட்டை முறிந்தால் அச்சும் விடுபட்டுக் கோணிக்கொள்ளும். மணிக்கு 40 கிலோமீட்டர் வேகத்தில் ஓடும் வண்டி ஒரு நொடியில் 11 மீட்டர் போகிறது என்பதை நினைவில் வையுங்கள்.

ரெக்கார்டு நோட்டு சொல்வது

ஒரு சட்டத்தின் இரு முனைகளையும் கத்திமுனைகளில் தாங்கி, நடுவில் எடைகளைத் தொங்கவிட்டு, அது தாழ்வதை மைக்ரோஸ்கோப்பால் அளந்து, யங் குணகம் கண்டுபிடித்தோம் அல்லவா? வண்டியின் வில்பட்டையும் அதே சட்டந்தான். ஆய்வுக்கூடத்தில் தாழ்வை அளந்து குணகத்தைக் கண்டோம். இங்கே எஃகின் குணகம் நமக்குத் தெரியும், ஆகவே தாழ்வைக் கண்டுகொள்கிறோம். அவ்வளவே வேறுபாடு.

எஃகின் யங் குணகத்தைச் சதுர மில்லிமீட்டருக்கு 20,000 கிலோ என்று கொள்வோம். பட்டையின் அகலம், தடிப்பு, தாங்கும் இரு முனைகளுக்கு இடையிலான நீளம் ஆகிய மூன்றையும் மில்லிமீட்டரில் அளந்துகொள்ளுங்கள். 80,000ஐ அகலத்தாலும், தடிப்பின் முப்படியாலும் பெருக்கி, நீளத்தின் முப்படியால் வகுத்தால், பட்டை ஒரு மில்லிமீட்டர் தாழ எத்தனை கிலோ பாரம் வேண்டும் என்பது கிடைக்கும். இதைப் பட்டையின் விறைப்பு என்போம்.

இதில் கவனிக்க வேண்டியது அந்த முப்படிகளைத்தான். அகலம் இரு மடங்கானால் விறைப்பும் இரு மடங்குதான். தடிப்பு இரு மடங்கானால் விறைப்பு எட்டு மடங்கு. நீளம் பாதியானாலும் எட்டு மடங்கு. பட்டை வாங்குவதில் உள்ள சூட்சுமம் எல்லாம் இந்த ஒரு விதியில் அடங்கிவிடுகிறது.

லாரிப் பட்டை ஏன் உதவாது?

ஓர் எடுத்துக்காட்டு பார்ப்போம். வண்டி 120 கிலோ, ஓட்டுபவர் 65 கிலோ, ஆக 185. சக்கரங்களும் அச்சும் வில்லுக்குக் கீழே இருப்பவை. அவற்றுக்கு 35 கிலோ கழித்தால் வில்களின் மேல் அமர்வது 150 கிலோ. எஞ்சினும் ஆளும் பின்பக்கம் சாய்ந்திருப்பதால் அதில் நூற்றுக்கு 60 பங்கு பின்புறம் என்று வைத்தால் 90 கிலோ. இரு பக்கமும் பங்கிட, ஒரு பட்டைக்கு 45 கிலோ.

70 மி.மீ. அகலம், 12 மி.மீ. தடிப்பு, 1,200 மி.மீ. நீளமுள்ள லாரிப் பட்டை ஒன்றை எடுத்துக்கொள்வோம். கணக்கிட்டால் விறைப்பு மில்லிமீட்டருக்கு 5.6 கிலோ. நம் 45 கிலோவுக்கு அது 8 மி.மீ. மட்டுமே தாழும். "நீளமாக இருக்கிறதே" என்று அதை 800 மி.மீ.க்கு வெட்டினால் விறைப்பு 18.9 ஆகிவிடும், தாழ்வு இரண்டரை மில்லிமீட்டர்கூட இராது. வில்லை வெட்டினால் அது மெலிவதில்லை, இன்னும் முறுக்கேறுகிறது!

தாழ்வு தெரிந்தால் வண்டியின் துள்ளலும் தெரியும். 15.8ஐ, மில்லிமீட்டரில் உள்ள தாழ்வின் வர்க்கமூலத்தால் வகுத்தால், நொடிக்கு எத்தனை முறை வண்டி மேலும் கீழும் அசையும் என்பது வரும். 8 மி.மீ. தாழும் லாரிப் பட்டைக்கு அது ஏறத்தாழ 5.6. உட்கார்ந்திருக்கும் மனித உடலை மேல்-கீழ் அதிர்வு மிகவும் வருத்துவது நொடிக்கு 4 முதல் 8 வரையிலான அசைவில்தான். நம் முதுகெலும்புக்குப் பார்த்துப் பொறுக்கி எடுத்ததுபோல் அமைகிறது அந்தப் பட்டை! 45 மி.மீ. தாழும் பட்டையானால் அசைவு 2.4க்குக் குறையும். சிறு வண்டிக்கு அது மிகவும் ஏற்றது.

இன்னொன்று. காயலான் கடையில் இரும்பு எடைக்கு விற்கப்படுகிறது. மேற்சொன்ன லாரிப் பட்டை ஏறக்குறைய 8 கிலோ இருக்கும். நமக்கு வேண்டிய பட்டையோ 2 கிலோவுக்குச் சற்று மேல். ஆகவே கனமானதை வாங்குவோர் வலியையும் சேர்த்து விலை கொடுத்து வாங்குகிறார்கள்.

எந்தப் பட்டை ஏற்றது?

விறைப்பு மட்டும் போதாது. முறியாமலும் இருக்க வேண்டும். பட்டையின் நடுவில் தோன்றும் தகைவைக் காண, 1,20,000ஐத் தடிப்பாலும் மொத்தத் தாழ்வாலும் பெருக்கி, நீளத்தின் வர்க்கத்தால் வகுக்க வேண்டும். விடை சதுர மில்லிமீட்டருக்குக் கிலோவில் வரும். பதமேற்றிய வில்எஃகு 110 கிலோவுக்கு மேலும் தாங்கும். நாம் வாங்குவது பல்லாயிரம் முறை வளைந்து களைத்த பழைய பட்டை. ஆதலால் 70க்குள் நிறுத்துவது அறிவுடைமை. நின்ற நிலையில் உள்ள தாழ்வோடு, மேடு பள்ளத்தில் 40 மி.மீ. மேலும் தாழும் என்று சேர்த்துக் கணக்கிடுவோம். அதற்குமேல் தாழாதபடி ஒரு தடித்த ரப்பர்க் கட்டையைச் சட்டத்தில் வைத்துவிட வேண்டும்.

50 மி.மீ. அகலமுள்ள மூன்று பட்டைகளை ஒப்பிடுவோம்.

முதலாவது, 5 மி.மீ. தடிப்பும் 800 மி.மீ. நீளமும் உள்ள ஒற்றைப் பட்டை. 45 கிலோவுக்கு 46 மி.மீ. தாழும், துள்ளல் சரி. ஆனால் பள்ளத்தில் தகைவு 81 ஆகிறது. இது வேண்டாம்.

இரண்டாவது, 6 மி.மீ. தடிப்பும் 950 மி.மீ. நீளமும் உள்ள ஒற்றைப் பட்டை. தாழ்வு 45 மி.மீ.; பள்ளத்திலும் தகைவு 68தான். நீளத்தைக் கூட்டியதால் வந்த நன்மை இது.

மூன்றாவது, 4 மி.மீ. தடிப்பில் 800 மி.மீ. நீளமுள்ள இரு பட்டைகள், ஒன்றன்மேல் ஒன்று. தாழ்வு 45 மி.மீ.; தகைவு 64. ஒன்று முறிந்தாலும் மற்றொன்று அச்சை விடாமல் பிடித்துக்கொள்ளும். கிடைக்குமானால் மூன்றிலும் இதுவே தலைசிறந்தது.

மெல்லிய பட்டை, கூடுமானவரை நீளம், முடிந்தால் இரண்டு: நம் விதி இதுதான்.

எங்கே தேடுவது?

தில்லி நண்பர்களுக்கு முதலில் நினைவுக்கு வர வேண்டியது தெருவெங்கும் ஓடும் மின்ரிக்‌ஷா. அதன் பின்புறம் வில்பட்டைகள்தாம் உள்ளன. இலேசான வண்டிக்கென்றே செய்யப்பட்டவையாதலால் நமக்குப் பொருந்தும். பழுதுபார்க்கும் கடைகளில் புதியதாகவே தனிப்பட்டை கேட்டு வாங்கலாம். சரக்கு ஏற்றும் மூன்றுசக்கர மிதிவண்டியின் கமானியும் ஆராயத் தக்கது.

பழையதை நாடுவோர் மாயாபுரியின் கழிவு இரும்புக் கடைகளுக்குப் போகலாம். சென்னையில் விடுமுறையைக் கழிப்போருக்குப் புதுப்பேட்டை இருக்கவே இருக்கிறது. 2019ல் உற்பத்தி நின்றுபோன மாருதி ஆம்னியும், 2014ல் நின்றுபோன அம்பாசடரும் பின்புறம் வில்பட்டை கொண்டவை. முழுக் கட்டையும் வாங்காதீர்கள். இரு முனையிலும் வளையம் சுருட்டிய முதற் பட்டையையும், அடுத்ததையும் மட்டும் பிரித்துத் தரச் சொல்லுங்கள். கையில் ஒரு வெர்னியர் அளவியும் அளவு நாடாவும் இருக்கட்டும். கடையிலேயே கணக்குப் போட்டுப் பாருங்கள். கடைக்காரர் சிரித்தால் சிரிக்கட்டும்!

வாங்குமுன் பட்டையை மண்ணெண்ணெய்யால் நன்றாகத் துடைத்து, பிறகு உலர்ந்த துணியால் ஒற்றி எடுத்து, சுண்ணக்கட்டித் தூளைத் தூவுங்கள். கண்ணுக்குத் தெரியாத வெடிப்பு இருந்தால் அதனுள் ஒளிந்திருந்த எண்ணெய் கசிந்து, வெண்தூளின் மேல் கருங்கோடாக நிற்கும். வளையம் தொடங்கும் இடத்தையும், நடுத்துளையின் இரு பக்கத்தையும் சிறப்பாக நோக்குக. துரு ஆழமாக அரித்துக் குழி விழுந்திருந்தால், விலை எவ்வளவு மலிவாயினும் வாங்க வேண்டாம்.

செய்யத் தகாதவை நான்கு

தென் மாவட்டங்களில் கொல்லர்கள் லாரிப் பட்டையிலிருந்து அரிவாள் அடிப்பதைப் பலர் கண்டிருப்போம். உலையில் செந்நிறம் வரும்வரை காய்ச்சுவார்; அடிப்பார்; பின் தோய்த்துப் பதமேற்றுவார். அந்தக் கடைசிச் செயல் இல்லாவிட்டால் அரிவாள் மழுங்கிய இரும்புதான். இதில் நமக்கொரு பாடம் உண்டு. வில்பட்டையின் ஆற்றல் எஃகில் மட்டும் இல்லை. அதற்கு ஏற்றிய பதத்தில் இருக்கிறது. நெருப்புப் பட்டால் பதம் போய்விடும்.

ஆகவே, ஒன்று: பட்டையில் வெல்டிங் வைக்காதீர்கள். வைத்த இடத்தின் ஓரம் கண்ணாடிபோல் நொறுங்கும் தன்மை பெறும். அதற்கடுத்த பகுதி மெழுகுபோல் மெலியும். பார்வைக்கு உறுதியாக நிற்கும். ஒரு நாள் சொல்லாமல் முறியும்.

இரண்டு: காய்ச்சி வளைக்காதீர்கள். வளைவைக் குறைக்க வேண்டுமானால் கமானிப் பட்டறைக்காரரிடம் கொடுங்கள். அவர் குளிர்ந்த நிலையிலேயே சம்மட்டியால் தட்டிச் சரிசெய்வார்.

மூன்று: புதிதாகத் துளையிடாதீர்கள். துளையின் விளிம்பில் தகைவு இரண்டு மூன்று மடங்காகக் குவியும். 68 என்று நாம் கணக்கிட்டது அங்கே 150ஐத் தாண்டிவிடும். ஏற்கனவே உள்ள நடுத்துளைக்கு இந்த அச்சம் குறைவு. அது யூ போல்ட்டுகளின் இறுக்கத்துக்குள் அசையாமல் அடங்கியிருக்கிறது.

நான்கு: பட்டையைத் தலைகீழாகப் பொருத்தாதீர்கள். எந்தப் பக்கம் இழுபடுமோ அந்தப் பக்கத்தைத் தொழிற்சாலையில் சிறு எஃகுக் குண்டுகளால் அடித்து வலுவூட்டியிருப்பார்கள். திருப்பிப் போட்டால் அந்த வலு வீணாகும்.

நீளம் குறைத்தே ஆகவேண்டும் என்றால், ஒரு முனையின் வளையத்தை விட்டுவைத்து மறுமுனையை வெட்டுங்கள். அறுக்கும் கல்லை விட்டுவிட்டு ஓட்டி, நீர் ஊற்றிக் குளிர்வித்து, வெட்டிய ஓரத்தை அரத்தால் வழவழப்பாக்குங்கள். வெட்டிய முனை சட்டத்தில் ஒரு பெட்டிக்குள் சறுக்கி நகருமாறு அமைக்கலாம். ஆனால் நீளம் குறைந்ததும் விறைப்பை மறுபடி கணக்கிட மறவாதீர்கள்.

பொருத்தும் முறை

பாரம் ஏறும்போது வளைந்த பட்டை நிமிர்கிறது; நிமிர்ந்தால் நீள்கிறது. ஆதலால் இரு முனையையும் இறுக்கிவிடலாகாது. முன்முனை வளையத்தைப் புஷ் வைத்துச் சட்டத்தில் போல்ட்டால் நிலையாகப் பிணையுங்கள். பின்முனையை ஊஞ்சல்போல் ஆடும் ஷாக்கிளில் தொங்கவிடுங்கள். அச்சைப் பட்டையின் நடுவில் யூ போல்ட்டுகளால் இறுக்குங்கள். முதல் சில ஓட்டங்களுக்குப் பின் நட்டுகளை மீண்டும் முறுக்கிப் பாருங்கள்.

சங்கிலியால் ஓடும் வண்டிக்கு ஒரு சிக்கல் உண்டு. அச்சு மேலும் கீழும் போகும்போது சங்கிலி ஒரு கணம் தொய்யும், ஒரு கணம் இறுகும். முன்முனை போல்ட் எஞ்சினின் பற்சக்கரத்துக்குக் கூடியமட்டும் நேராகவும் அருகிலும் இருந்தால், அச்சு அதையே மையமாகக் கொண்டு ஊசலாடும். சங்கிலியின் தூரம் பெரிதும் மாறாது.

பல பட்டைகள் உள்ள கட்டில், அவை ஒன்றோடொன்று உராய்வதே துள்ளலை ஓரளவு அடக்கும். ஒற்றைப் பட்டையில் அந்த உராய்வு இல்லை. ஒரு மேட்டில் எழும்பிய வண்டி பல முறை ஆடும். ஆகவே பழைய இருசக்கர வண்டியின் ஷாக் அப்சார்பர் இரண்டைப் பொருத்த வேண்டும். அதில் உள்ள சுருள்வில்லைக் கடையிலேயே கருவி கொண்டு கழற்றச் சொல்லுங்கள். கழற்றாவிட்டால் அதன் விறைப்பும் சேர்ந்துகொள்ளும். நாம் போட்ட கணக்கெல்லாம் பொய்த்துவிடும்.

இவற்றோடு ஒரு காப்பு: அச்சின் இரு பக்கமும் சட்டத்தோடு ஒரு எஃகுக் கம்பிக் கயிற்றைச் சற்றுத் தளர்வாகக் கட்டிவிடுங்கள். பட்டை முறிந்தாலும் அச்சு வெகுதூரம் கோணாமல் அது பிடிக்கும்.

விடுதியில் ஒரு சோதனை

பொருத்துமுன் கணக்கைச் சரிபார்க்க ஆய்வுக்கூடம் வேண்டியதில்லை. இரு பெஞ்சுகளின் மேல் இரு குழாய்த் துண்டுகளை உருளைகளாக வையுங்கள். பட்டையின் முதுகு மேல்நோக்கி இருக்குமாறு கவிழ்த்து, இரு முனைகளையும் அவற்றின்மேல் வையுங்கள். நடுவில் ஒரு வாளியைத் தொங்கவிட்டுப் பத்துப் பத்து லிட்டராக நீர் ஊற்றுங்கள். ஒரு லிட்டர் நீர் ஒரு கிலோ. வாளி கொள்ளாதபோது குடிநீர்க் கேன்களைச் சேர்த்துக்கொள்ளலாம். வாளியின் எடையையும் கேனின் எடையையும் கூட்ட மறவாதீர்கள். ஒவ்வொரு முறையும் தாழ்வை அளந்து வரைபடத்தாளில் குறியுங்கள். புள்ளிகள் நேர்கோட்டில் அமைந்தால், 1678ல் ஹூக் வெளியிட்ட விதிக்கு நம் பட்டை கட்டுப்படுகிறது. கோடு வளைந்தாலோ, நீரை இறக்கிய பின் பட்டை பழைய இடத்துக்குத் திரும்பாவிட்டாலோ, அதன் பதம் கெட்டிருக்கிறது. மீண்டும் காயலான் கடைக்கே அனுப்பிவிடுங்கள்.

வண்டி முடிந்த பிறகும் தலைக்கவசமின்றி ஏறலாகாது. 1988ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டப்படி, பதிவு செய்யாத வண்டியைப் பொதுச் சாலையில் ஓட்டவும் கூடாது. அனுமதி பெற்று வளாக மைதானத்தில் ஓட்டுங்கள். ஒவ்வொரு ஓட்டத்துக்கும் முன்பு பட்டையைக் குனிந்து பார்க்கும் பழக்கம் வரட்டும்.

நண்பர்களே, யங் குணகச் சோதனையைத் தேர்வுக்காக மனப்பாடம் செய்து, தேர்வு முடிந்ததும் மறந்தவர்கள் நம்மில் பலர். அந்த ஒரு சூத்திரம் எந்தப் பட்டையை வாங்கலாம், எதைத் தொடலாகாது என்று கடைவாசலிலேயே சொல்லிவிடுகிறது. நம் பணத்தையும் காக்கிறது, வண்டி ஏறும் தோழனின் உடலையும் காக்கிறது. படிப்பு கைக்கு வந்து சேரும் இடம் இதுவே. அடுத்த முறை ஊருக்குப் போகும்போது பெட்டியின் அடியில் கிடக்கும் அந்த ரெக்கார்டு நோட்டைக் கொண்டுவாருங்கள். கணக்கை முதலில் போடுவோம். கமானியைப் பிறகு வாங்குவோம்.